கொடிமரம் வரைக்கும்

திருப்பூர் வக்கீலுக்கு அரசியலமைப்புச் சட்டம் அவ்வளவாகத் தேவைப்படாது. காலையில் எழுந்தால் செக் கேஸ். நூல் வாங்கியவர் பணம் தரவில்லை; துணி எடுத்தவர் டேமேஜ் என்று சொல்லிப் பில்லில் பாதியைக் கழித்துவிட்டார்; ஜாப் ஒர்க் கொடுத்த கம்பெனி ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. நடுநடுவே இஎஸ்ஐ, பிஎஃப், விபத்து இழப்பீடு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138வது பிரிவை எங்கள் ஊர் டீக்கடைக்காரரே விளக்குவார். அரசியலமைப்பின் 28வது பிரிவு என்று நான் சொன்னபோது என் ஜூனியர் புத்தக அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான்.

வழக்கு எண்ணே விழாமல் முடிந்துபோன வழக்கு அது. ஆனாலும் நான் அதிகம் படித்த கட்டுகளில் அதுவும் ஒன்று.

2024 பிப்ரவரியில் அந்தத் தகப்பனார் வந்தார். பவர்டேபிள் வைத்திருப்பவர். வீட்டை ஒட்டிய ஷெட்டில் சில தையல் மிஷின்களைப் போட்டு, பெரிய கம்பெனிகளிடமிருந்து வெட்டிய பீஸை வாங்கித் தைத்துக் கொடுப்பவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். குடும்பமே வேலை செய்யும். மனைவி செக்கிங், தம்பி மகன் ஓவர்லாக், சனிக்கிழமை சாயங்காலம் கூலிப் பட்டுவாடா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மிஷின் ஓடாது. அன்றைக்கு எல்லோரும் சபைக்குப் போய்விடுவார்கள். பெந்தெகொஸ்தே சபை. ஒரு பழைய குடோனின் மாடியை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள்.

“வணக்கமுங்க. கோயிலுக்கு வரலைன்னு எம் புள்ளையப் பெயிலாக்கப் பாக்கறாங்க. கேஸ் போடோணும்” என்றார். மகள் பின்னால் நின்றிருந்தாள், கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு. பேசவில்லை.

ஃபைலை வாங்கிப் பார்த்தேன். சுயநிதிக் கல்லூரி, தன்னாட்சி பெற்றது, இருபாலரும் படிப்பது. நாலாவது செமஸ்டரில் மதங்களைப் பற்றி ஒரு தாள் வைத்திருந்தார்கள். வகுப்பில் பாடம், கூடவே களப்பயணம். பள்ளிவாசல், தேவாலயம், ஜைனக் கோயில், அவிநாசி கோயில் என்று அவரவர் மதம் அல்லாத வழிபாட்டு இடங்களுக்கு, வழிபாடு நடக்கிற நேரத்தில் போய் இருந்து பார்த்து, படத்தோடு அறிக்கை தர வேண்டும். மதிப்பெண்ணில் பாதி அதற்கு. போகாவிட்டால் தேறவே முடியாது.

எனக்குப் பாடத்திட்டம் பிடித்திருந்தது. அதை எழுதிய பேராசிரியை கெட்டிக்காரி என்பது பக்கங்களைப் புரட்டும்போதே தெரிந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் சமயப் படிப்பு எடுக்கும் மாணவர்களை இப்படிப் பல வழிபாடுகளுக்கு அனுப்புவது பழக்கத்தில் உள்ளது. நம் ஊரில் சமயப் படிப்புக்குப் பஞ்சமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணம், கிறித்துவம், இஸ்லாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஆனால் ஒரு பிகாம் மாணவியை ஜும்மா தொழுகை நேரத்துப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போவது வேறு சங்கதி. அந்தத் துணிச்சலை நான் மெச்சினேன்.

பள்ளிவாசலுக்கு அந்தப் பெண் போய்வந்திருக்கிறாள், வீட்டில் சொல்லாமல். வகுப்புத் தோழி ஒருத்தி போட்ட படம் வாட்ஸப்பில் சுற்றிச் சபைக்காரர் ஒருவர் கைக்கு வந்து, அவர் அதைத் தகப்பனாருக்கு அனுப்பி, வீட்டில் பெரிய ரகளை. அதற்கப்புறம் ஜைனக் கோயிலுக்கும் அவிநாசிக்கும் விடவில்லை. கல்லூரி இரண்டுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டது.

தகப்பனாரின் கோபத்தில் பக்தி கொஞ்சம்தான், பயம் நிறைய என்பது பேச்சுக் கொடுத்ததும் தெரிந்தது. சபை நடக்கிற மாடிக்கு அக்கம்பக்கத்தில் எதிர்ப்பு; சத்தம் என்று புகார்; போலீஸ் இரண்டொரு தடவை வந்து போயிருக்கிறது. வெளியே அந்த நெருக்கடி இருக்கும்போது, சபையில் மூப்பராக இருக்கிற அவருடைய மகள் கோயிலில் நிற்கிற படம் சுற்றினால் உள்ளேயும் மரியாதை போய்விடும். “நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை பாக்கோணுமில்லீங்களா” என்றார். அது நியாயமான கவலைதான். சட்டத்தில் அதற்கு இடமில்லை, அவ்வளவே.

28வது பிரிவின் மூன்றாவது உட்பிரிவை அவருக்குத் தமிழில் சொன்னேன். அரசு அங்கீகரித்த அல்லது அரசுப் பணம் பெறுகிற எந்தக் கல்வி நிறுவனத்தில் படிப்பவரையும், அங்கே நடக்கிற சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ அவருடைய சம்மதம் இல்லாமல் கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. மைனராக இருந்தால் காப்பாளரின் சம்மதம் வேண்டும். அவர் முகம் மலர்ந்தது. “அதாங்க. எனக்குச் சம்மதமில்லீங்க.”

“பாப்பாவுக்கு வயசு என்னாச்சு?”

“பத்தொம்பதுங்க.”

அப்படியானால் சம்மதம் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. கட்டணம் கட்டுவது நான், பெற்றது நான், என் வீட்டில்தானே இருக்கிறாள் என்றார். வக்காலத்தில் கையெழுத்து மகளுடையதாகத்தான் இருக்கும், அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லி, குமாஸ்தாவோடு டீக்கு அனுப்பிவைத்தேன். முறைத்துக்கொண்டுதான் போனார்.

கதவு சாத்தியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “சார், நான் போகணும்னு நெனச்சா இந்தக் கேஸ் நிக்காதுங்களா?”

அவளுக்குப் போக ஆசை. அவிநாசி கோயிலில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்டுக்கொடுத்த கதையைப் பக்கத்து வீட்டு ஆத்தா சொல்லக் கேட்டிருக்கிறாள். அந்த வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயும் உள்ளே பார்த்ததில்லை. “பாக்கறதுக்கு எனக்கு ஒண்ணுமில்லைங்க சார். கும்பிடச் சொன்னா முடியாது. பிரசாதம் சாப்பிட மாட்டேன். அத மேடம்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு, எல்லாரும் என்னையே பாப்பாங்கன்னு.” பள்ளிவாசலைப் பற்றியும் ஒரு குறை வைத்திருந்தாள். பையன்களை உள்ளே தொழுகை பார்க்க விட்டார்கள். பெண்களை ஆபீஸ் அறையில் உட்காரவைத்து இமாம் பேசினார், அவ்வளவுதான். “அவங்களுக்கும் அதே மார்க், எங்களுக்கும் அதே மார்க். நாங்க என்னத்தப் பாத்தோம்னு எழுதறது?”

பிறகு ஃபைலிலிருந்து ஓர் அச்சடித்த தாளை எடுத்து நீட்டினாள். அறிக்கைப் படிவம். இடத்தின் வரலாறு, வழிபாட்டு முறை, பயன்படுத்தும் மொழி, இசை, சாப்பாடு என்று வரிசையாகக் கேள்விகள். கடைசிக் கேள்வி: அந்த வழிபாட்டில் இருந்தபோது உங்கள் மனதில் ஏற்பட்ட உணர்வும் மாற்றமும் என்ன? பத்து மதிப்பெண்.

கோயிலுக்குக் கூட்டிப்போனதைவிட அந்தக் கேள்வியே எனக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. உணர்வு ஏதும் இல்லை என்று எழுதினால் மதிப்பெண் எத்தனை? மாற்றம் உண்டு என்று பொய் எழுதினால் எத்தனை?

அன்றிரவு பழைய தீர்ப்புகளை எடுத்து உட்கார்ந்தேன். நமக்குச் சாதகமாக ஒன்று உண்டென்றால் எதிராளிக்கு இரண்டு இருக்கும் என்பது இந்தத் தொழிலின் ராசி. 1971ல் டிஏவி கல்லூரி வழக்கு. அமிர்தசரஸில் குரு நானக் பெயரால் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் சட்டத்தில், குரு நானக்கின் வாழ்வையும் போதனைகளையும் ஆராய வழி செய்யப்பட்டிருந்தது. ஆரிய சமாஜத்தாரின் கல்லூரிகள் எதிர்த்தன. ஒரு ஞானியின் வாழ்வைப் படிப்பது சமயப் போதனை ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். 2002ல் அருணா ராய் வழக்கு. பள்ளிப் பாடத்திட்டத்தில் மதங்களைப் பற்றிய கல்வி வரலாம். சடங்கும் பூஜையும் கற்றுத்தருவது வேறு, மதங்களைப் பற்றி அறிவது வேறு என்று சொன்னார்கள். 1963ல் பள்ளிகளில் பைபிள் வாசிப்பைத் தடுத்த அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதே தீர்ப்பில், மதங்களைப் பாடமாகப் படிப்பதற்குத் தடையில்லை என்றுதான் எழுதியது. ஆக, தாளையே ரத்து செய் என்று போனால் முதல் விசாரணையிலேயே திரும்பி வரலாம்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. 28(3) பேசுவது, நிறுவனத்துக்குள்ளோ அதனோடு சேர்ந்த இடத்திலோ நடக்கிற வழிபாட்டைப் பற்றி. அவிநாசி கோயில் கல்லூரிக்குச் சேர்ந்த இடமில்லை. அரசியலமைப்பை எழுதியவர்கள் கண்முன் இருந்தது மிஷன் கல்லூரி. சென்னை மாகாணத்தில் அது பழைய பிரச்சினை. மிஷன் கல்லூரிகளில் பைபிள் வகுப்பைக் கட்டாயமாக்கக் கூடாது, மறுப்பவருக்கு விலக்குத் தரும் மனசாட்சி விதி வேண்டும் என்று 1910களில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி வாதாடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு விலக்குக் கேட்டது இந்துப் பையன்களுக்காக. மாணவர்களைப் பஸ்ஸில் ஏற்றி இன்னொருவர் வழிபாட்டுக்கு அழைத்துப்போகும் ஒரு கல்லூரியை அவர்கள் யாரும் நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஆகவே 25வது பிரிவு. மனசாட்சிச் சுதந்திரத்துக்குக் காம்பவுண்டுச் சுவர் கிடையாது. அதைப் பற்றிப் பேச பிஜோ இம்மானுவேல் வழக்கைவிட நல்ல வழக்கு நம் நாட்டில் இல்லை. கேரளத்தின் கிடங்கூரில் மூன்று பிள்ளைகள், பத்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. யெகோவாவின் சாட்சிகள். பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். 1985 ஜூலையில் பள்ளியை விட்டு நீக்கினார்கள். கேரள உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி சின்னப்ப ரெட்டியும் நீதிபதி எம். எம். தத்தும் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். அந்த நம்பிக்கை மற்றவர்களுக்கு நியாயமாகப் படுகிறதா என்று நீதிமன்றம் அளக்காது. உண்மையாக, மனசாட்சிப்படி நம்புகிறார்களா என்பதையே பார்க்கும் என்று தீர்ப்பு சொன்னது. பேச்சுரிமையில் பேசாமலிருக்கும் உரிமையும் அடங்கும் என்றும் முடிவு சொன்னது.

நிற்பேன், பாட மாட்டேன். வருவேன், கும்பிட மாட்டேன். தகப்பனார் கொண்டுவந்தது இந்த வழக்கு அல்ல. மகள் சொன்னதுதான் வழக்கு. மும்பை உயர் நீதிமன்றமும் 2013ல் நாசிக் ஆசிரியர் ஒருவர் விஷயத்தில், பள்ளிப் பிரார்த்தனையில் கைகூப்பி நிற்கும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லியிருந்தது. அதையும் சேர்த்து நோட்டீஸை எழுதினேன். தகப்பனார் விரும்பியபடி ‘முழு விலக்கு’ என்று எழுதவில்லை. வருகிறவர் பார்வையாளராகவே இருப்பார். கைகூப்பவோ பிரசாதம் வாங்கவோ பொட்டு, திருநீறு இட்டுக்கொள்ளவோ சொல்லக் கூடாது. மனசாட்சி இடம் தராதவருக்கு மாற்று வேலை கொடுக்க வேண்டும். சாட்சிக்குப் படம் கேட்கக் கூடாது. அந்தக் கடைசிக் கேள்வியை எடுக்க வேண்டும். அவளே படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கல்லூரித் தரப்பில் வந்தவர் கோயம்புத்தூர் வக்கீல், என் பழைய நண்பர். முதலில் நான் எதிர்பார்த்த வாதத்தையே வைத்தார்: கோயில் கல்லூரி வளாகமா? அடுத்து எதிர்பாராத ஒன்றை எடுத்துப் போட்டார். சேர்க்கை விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம். ‘கல்லூரி நடத்தும் எல்லாக் கல்வி, பண்பாட்டு நிகழ்வுகளிலும் பங்கேற்கச் சம்மதிக்கிறேன்.’ கீழே தகப்பனாரின் கையெழுத்து. படிக்காமல் போட்டது. நம் எல்லோரையும் போல.

கையெழுத்துப் போட்ட அன்று அவளுக்குப் பதினேழு வயது என்றேன். காப்பாளர் தந்த சம்மதம் மகளுக்குப் பதினெட்டு ஆனதும் அவள் கைக்கு வந்துவிடுகிறது. அவள் அதைப் புதுப்பிக்கவில்லை. நண்பர் சிரித்தார். இதற்குத் தீர்ப்பு இருக்கிறதா என்றார். இல்லாவிட்டால் வாங்கிவிடலாம், சென்னைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடவா என்றேன். சுயநிதிக் கல்லூரிமீது ரிட் நிற்குமா என்று அவர் கேட்க, 1989ல் அனடி முக்தா அறக்கட்டளை வழக்கிலிருந்து பொதுக் கடமை செய்கிற தனியார் நிறுவனத்தின் மீதும் நிற்கும் என்று நான் சொல்ல, இப்படிக் கொஞ்ச நேரம் போனது. வக்கீல்களுக்கு அது ஒரு சுகம்.

முதல்வர் அறையில் உட்கார்ந்து பேசியபோது அறங்காவலர் ஒருவரும் இருந்தார். எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி. சட்டம் பேசவில்லை. “ஏனுங்க வக்கீல் சார், எங்க கம்பெனியில பாதிப் பேரு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். நொய்யலோரமா சத் பூஜை பண்றாங்க. அன்னைக்கு எதுக்கு லீவு கேக்கறாங்கன்னு எங்க ஹெச்ஆர் புள்ளைக்குத் தெரியல. ஆப்சென்ட் போட்டு ஒரே கலாட்டா. வெளிநாட்டு பையர் அனுப்பற ஆடிட்டரு, மத வித்தியாசம் காட்டறீங்களான்னு கேட்டு எழுதிட்டுப் போறான். நம்ம பசங்க நாலு சாமியப் பாத்துட்டு வந்தாத்தான் என்னங்க தப்பு?”

அந்தத் தாளுக்கு ஆதரவாக இதைவிட நல்ல வாதத்தை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. இந்த ஊரில் பிழைக்கப்போகும் பிள்ளைக்கு அடுத்த மிஷினில் உட்காருகிறவன் எதைக் கும்பிடுகிறான் என்று தெரியத்தான் வேண்டும். தெரிந்துகொள்ளட்டும், ஆனால் தெரிந்துகொண்டபோது உன் மனம் மாறியதா என்று மார்க் போடாதீர்கள் என்றேன். அவர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு முதல்வரைப் பார்த்தார். “இது என்னங்க, மனசுக்கு மார்க்கு?”

அதற்குமேல் ஒரு சீட்டை நான் கையில் வைத்திருந்தேன். அந்த ஜனவரி 30 அன்றுதான் பழனி கோயில் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஸ்ரீமதி உத்தரவு போட்டிருந்தார். இந்து அல்லாதவர் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்று பலகை வைக்க வேண்டும். தரிசனம் செய்ய விரும்பும் மாற்று மதத்தவர், அந்தத் தெய்வத்தின் மேல் நம்பிக்கை உண்டு, இந்து சமய வழக்கங்களைப் பின்பற்றுவேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் அனுமதிக்கலாம். பழனிக்கு மட்டுமில்லாமல் மற்றக் கோயில்களுக்கும் அது பொருந்தும் என்றும் சொல்லியிருந்தார்.

உத்தரவின் நகலை மேசையில் வைத்தேன். அந்த உத்தரவோடு எனக்கு உடன்பாடு உண்டா என்பது வேறு பேச்சு. எல்லோரும் பார்க்கிற மாதிரி கோயில்கள் இருந்தால் எனக்கு சந்தோஷம். ஆனால் உங்கள் முஸ்லிம், கிறிஸ்தவ மாணவர்களைக் கருவறைப் பூஜை பார்த்து வா என்று அனுப்புகிறீர்கள். கொடிமரத்தில் நிறுத்துவார்கள். தாண்ட வேண்டுமென்றால், எனக்கு இந்தத் தெய்வத்தின் மேல் நம்பிக்கை உண்டு என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் கல்லூரியில் பூஜ்யம். எழுதினால் அவள் ஞானஸ்நானம் பெற்ற நம்பிக்கைக்குத் துரோகம், அல்லது பொய். ஒரு கல்விக்கூடம் பிள்ளையை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தலாமா?

நண்பர் நகலை எடுத்து இரண்டு முறை படித்தார். முதல்வர் பேராசிரியையைப் பார்த்தார். அதுவரை வாய் திறக்காமல் இருந்த அந்த அம்மாள், “கேள்விய நான் எடுத்துடறேன் சார். மாற்று வேலையும் கொடுக்கலாம். ஆனா போறதை மட்டும் நிறுத்திடாதீங்க” என்றார். அறையில் இருந்தவர்களிலேயே மாணவர்களைப் பற்றிக் கவலைப்பட்டது அவர்தான் என்று எனக்குத் தோன்றியது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் கேட்டதெல்லாம் சுற்றறிக்கையாக வந்தது. தகப்பனாருக்குத் திருப்தியில்லை. கோயிலுக்குப் போகாமலிருக்க வக்கீல் வைத்தால், போவதற்கு ஏற்பாடு செய்துகொடுத்துவிட்டார் என்று வெளியே சொன்னதாகக் கேள்வி. ஃபீஸில் பாதியை நிறுத்திக்கொண்டார். மீதியை அவள் ஸ்டைபண்டிலிருந்து தருகிறேன் என்றாள்; வேண்டாம் என்றுவிட்டேன்.

ஜைனக் கோயிலுக்கு அவள் போகவில்லை. அதற்குப் பதிலாக, புத்தகம் படித்து எழுதும் வேலையை எடுத்துக்கொண்டாள். ஏனென்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதானே நோட்டீஸே. அவிநாசிக்குப் போனாள். வகுப்பில் சிலர் உள்ளே போக, அவளும் முஸ்லிம் தோழிகள் இருவரும் கொடிமரம் வரைக்கும் போய் நின்றிருக்கிறார்கள். அங்கிருந்து தெரிந்ததை எழுதியிருந்தாள்: ஓதுவாரின் குரல் எவ்வளவு தூரம் கேட்டது, எந்தச் சாதிக்காரர் எந்த மண்டகப்படி நடத்துகிறார் என்று பூக்காரப் பெண் சொன்னது, செருப்பு வைக்கும் இடத்துக்கு டெண்டர் உண்டு என்பது. பிரகாரம், சிற்பம் என்று உள்ளே போனவர்கள் எழுதியதைவிட அது நன்றாக இருந்தது என்று பேராசிரியை போனில் சொன்னார்.

அடுத்த கல்வியாண்டில் அந்தத் தாளே இல்லை. எதற்கு வம்பு என்று நிர்வாகம் முடிவெடுத்து, அந்த இடத்தில் மென்திறன் பயிற்சி என்று ஒன்றை வைத்துவிட்டது. சென்னைக்குப் போயிருந்தால் எது கூடும் எது கூடாது என்று ஒரு தீர்ப்பாவது மிஞ்சியிருக்கும். வேறொரு கல்லூரி அதைப் பார்த்துத் தாளை ஒழுங்காக நடத்தியிருக்கும். ஆனால் என் கட்சிக்காரருக்கு வேண்டியது ஏப்ரல் தேர்வுக்கு முன் ஒரு மதிப்பெண், அவளுக்கு அது கிடைத்தது. பேராசிரியை என்மேல் வருத்தப்படவில்லை என்று சொன்னார். சொன்ன விதத்தில் வருத்தம் இருந்தது. இப்போது அவர் அதே நேரத்தில், அதே வகுப்பில், நேர்முகத் தேர்வில் எப்படிக் கைகுலுக்குவது என்று சொல்லிக்கொடுக்கிறார்.